ஆக்டனில் சாமி காவிய கதை

ஷிண்டோ கோயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜப்பானுக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். நான் லண்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி ஆக்டன் டவுனுக்குப் போனேன். 1993, ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்று. "ஜப்பான் போகிறோம், அங்கே கோயில்களில் எப்படி நடந்துகொள்வது?" என்று எனக்கு எழுதிக் கேட்கிறவர்களுக்காக இதைப் பதிந்து வைக்கிறேன். எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அந்த நாட்களில் நான் ஆக்டன் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்குகிற வேலையில் இருந்தேன். சனிக்கிழமைகளில் மொரிதா என்றொரு ஜப்பானியர் வருவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவை, ஆகவே நன்றாக விளங்கும். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய ஆட்கள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கோடை விழா வைக்கிறார்களாம். சாமியைப் பல்லக்கில் சுமக்க, எங்கள் பேச்சில் காவ, இருபத்துநாலு பேர் வேண்டும். நாலைந்து பேரைக் கம்பனி திருப்பி ஊருக்கு அழைத்துவிட்டது. நீங்கள் ஒரு தோள் தருவீர்களா?

உடனே ஓம் என்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் சாமியின் வாகனத்தைத் தோளில் தாங்குகிற நீளத் தடி, அதாவது கொம்பு, திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரக் குடும்பங்களுக்கு மட்டும்தான். என் அப்பா சைக்கிள் கடைக்காரர். எனக்குக் கிடைத்தது பந்தத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை. பதினொரு திருவிழா, எண்ணெய் வாளியோடு சாமிக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறேன். வருடாவருடம் கேட்பேன், "அடுத்த வருசம் பாப்பம்" என்பார்கள். பார்த்துப் பார்த்தே லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். ஒரேயொரு தடவை என் தோளில் ஒரு சாமி இருக்கவேண்டும். எந்த நாட்டுச் சாமி என்றாலும் சரி.

வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனைவியிடம் சொன்னேன், அவள் தன் தம்பி சந்திரனுக்குச் சொன்னாள். ஆறடி இரண்டு அங்குல ஆள். ஊரில் முன்கொம்பு அவர்கள் குடும்பத்தினுடையது. அந்த வீட்டில் எனக்குப் பெண்ணைத் தந்தார்கள், கொம்பைத் தரவில்லை.

"சாமி காவுறதெண்டா என்னெண்டு தெரியுமோ அத்தான் உங்களுக்கு? நானும் வாறன். முன்கொம்பை நான் பாக்கிறன். நீங்கள் பின்னாலை எங்கையாவது பிடியுங்கோ" என்றான்.

காலை 8.40க்கு ஈஸ்ட் ஹாமில் ரயில். ஒருநாள் பயணச்சீட்டு இரண்டு பவுண் எழுபது பென்ஸ் என்று ஞாபகம். ஏறத்தாழ பதினைந்து மைல், வண்டி மாறத் தேவையில்லை, 9.45க்கு ஆக்டன் டவுன். அந்த அறுபத்தைந்து நிமிடமும் சந்திரன் எனக்குச் சாமி காவப் படிப்பித்தான். தோளில் சால்வையை எப்படி மடிப்பது, மூச்சை எங்கே விடுவது, எல்லாம். மூன்று நாளாக மச்சம் தின்னவில்லை என்பதையும் இரண்டுதரம் சொன்னான். மச்சமென்றால் எங்கள் பக்கம் மீனும் இறைச்சியும்.

பன்னிரண்டு நிமிட நடையில் மைதானம். உதைபந்தாட்டக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நாலு மூங்கில் நட்டு, வைக்கோல் கயிறு கட்டி, வெள்ளைக் கடதாசியை மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பச்சைக் கிளை.

"கோயில் எங்கை?" என்றான் சந்திரன்.

"இதுதான்" என்றார் மொரிதா.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். ஆதியில் ஷிண்டோவுக்குக் கட்டடமே இல்லை. ஒரு மரம், ஒரு பாறை, ஒரு மலை, அங்கே கமி, அதாவது தெய்வம், இறங்கும். சுற்றிக் கயிறு கட்டினால் அது கோயில். கட்டடமெல்லாம் பிறகு வந்தது. கட்டிய பிறகும் பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இசே என்ற ஊரிலுள்ள பெரிய கோயிலை இருபது வருடத்துக்கொருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டிச் சாமியை அங்கே மாற்றுவார்கள். யுத்தகாலங்களில் தடைப்பட்டாலும், ஆயிரத்து முந்நூறு வருடமாக இதுதான் வழக்கம். அந்த வருடம்கூட அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

"அப்ப மரம் புதுசு, கோயில் பழசோ?" என்றான் சந்திரன். மொரிதா சந்தோசமாகத் தலையாட்டினார். எனக்கும் அது பிடித்துக்கொண்டது. கற்கோயிலை விட்டுவிட்டு வந்து வாடகை மண்டபத்தில் கும்பிடுகிறவனுக்கு இது ஆறுதலான சேதி அல்லவா!

சந்திரனின் மரியாதை பத்து நிமிடம்தான் நின்றது. படையல் மேசையில் அரிசி, உப்பு, தண்ணீர், அரிசிச் சாராயம், நடுவில் முழுசாக ஒரு மீன்.

"அத்தான், சாமிக்கு முன்னாலை மச்சம்!"

"அது அவற்ரை சாமி, அவற்ரை மீன். நீ வாயை மூடு."

வாயைத் திறந்தான், தண்ணீர் குடிக்க. வாசலில் ஒரு தொட்டியும் மூங்கில் அகப்பையும் இருந்தன. கைகழுவி வாய் கொப்பளிக்கிற தண்ணீர் அது. சந்திரன் பயபக்தியோடு உள்ளங்கையில் ஏந்தி மூன்றுதரம் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தெளித்தான். நானும் குடித்தேன், மறைப்பானேன்! பின்னால் நின்ற கிழவர் எங்கள் வயிற்றை நினைத்துக் கவலைப்பட்டது முகத்தில் தெரிந்தது.

சுமப்பவர்களை வரச்சொன்னார்கள். ஊர் வழக்கப்படி நாங்கள் இருவரும் சப்பாத்தையும் சேர்ட்டையும் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றோம். வெயிலில்லை, பதினாலு பாகை, காற்று வேறு. ஜப்பானியப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிவந்து இரண்டு நீலச் சட்டை தந்தாள். அதில்லாமல் தூக்கக் கூடாதாம். சந்திரனுக்கு அது முழங்கையோடு நின்றுவிட்டது.

பிறகு உயரப்படி நிறுத்தினார்கள். நான் ஐந்தடி நாலு. மொரிதாவின் தோளும் என் தோளும் மட்டம் வைத்தாற்போல் இருந்தன. "முன்னால் வாருங்கள்" என்றார். சந்திரனைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், மூன்றுதரம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவன் தோள் கொடுத்தால் பல்லக்குச் சரிந்துவிடும். அவனுக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறதாம். சுமப்பவர்களுக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும். கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

சிரிக்கக் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சத்தியமாகக் கடித்தேன்.

சாமி தோளில் ஏறியது. எலும்புவரை இறங்குகிற பாரம். கண் கலங்கிவிட்டது, பாரத்தால் மட்டுமில்லை. நான் ஆடாமல் அசையாமல் பவித்திரமாகப் பிடித்தேன், மற்றவர்களோ "வாஷோய்! வாஷோய்!" என்று குலுக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் வாளியோடு ஓடிவந்த சந்திரன் அலறினான்.

"ஐயோ, சாமியை விழுத்தப் போறாங்கள்! இறுக்கிப் பிடியுங்கோ அத்தான்!"

"குலுக்குங்கள், குலுக்கினால்தான் கமிக்குச் சந்தோசம்!" என்று மொரிதா இந்தப் பக்கம் கத்தினார்.

நான் குலுக்கினேன். முதலில் வாஷோய் என்றுதான் கத்தினேன், இரண்டாவது சுற்றில் என்னையறியாமல் "அரோகரா!" வந்துவிட்டது. ஒருவரும் கோபிக்கவில்லை. பதினெட்டு நிமிடம், மைதானத்தை மூன்று சுற்று. சந்திரன் மூன்று சுற்றும் வாளியோடு கூடவே நடந்தான், கை மாற்றி மாற்றி.

திரும்பும் ரயிலில் அவன் ஒன்றும் படிப்பிக்கவில்லை. எங்கள் நிலையத்துக்கு முந்தின அப்டன் பார்க் தாண்டும்போதுதான் வாய் திறந்தான்.

"எத்தினை வருசம் அத்தான், அந்த எண்ணெய் வாளி?"

"பதினொண்டு."

"கை நொந்து விட்டுப்போகும் என்ன."

"ஓம்" என்றேன். ஈஸ்ட் ஹாம் வந்துவிட்டது.

இனி, போகிறவர்களுக்கு. ஷிண்டோ கோயில் வாசல் வளைவில் ஒருதரம் குனிந்துவிட்டு ஓரமாக நடந்து போங்கள், நடுவழி சாமிக்கு. தொட்டித் தண்ணீரில் இடக்கை, வலக்கை, பிறகு கையில் ஏந்தி வாய் கொப்பளிப்பு. குடிக்க வேண்டாம். சந்நிதியில் இரண்டுதரம் குனிந்து, இரண்டுதரம் கைதட்டி, ஒருதரம் குனியவேண்டும். ஊர்வலத்தை மேல்மாடியில் நின்று பார்க்காதீர்கள், சாமியை மேலிருந்து பார்ப்பது மரியாதையில்லை. சேர்ட்டைக் கழற்றாதீர்கள். தோள் கொடுக்கக் கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள், வீக்கம் மூன்று வாரத்தில் வற்றிவிடும்.

முன்கொம்புக் குடும்பத்து மைத்துனர் எவராவது இருந்தால் அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வாளியை அவரிடம் கொடுங்கள். மூன்று சுற்றுப் போதும்.