மூன்றாந்தரம் வாசித்தவன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. யூதர்களின் வேதத்தை நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்று நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை மெல்பேர்னில் பலக்லாவா பக்கம் போனேன். ஒரு பேக்கரி வாசலில், சடை போலப் பின்னிய பாணின் வாசம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த வாசத்துக்குள் ஹெர்ஷ் அங்கிள் இருந்தார்.

எழுபதுகளின் நடுவில், அதே பகுதியில், அவர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மனைவியை இழந்த யூதர். அவருடைய போலந்து ஆங்கிலமும் என் யாழ்ப்பாண ஆங்கிலமும் இன்று எனக்குத் தமிழாகத்தான் கேட்கின்றன. யூதர்கள் தங்கள் வேதத்தை வாரம் ஒரு பகுதியாக வாசிப்பார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அங்கிள் வெள்ளி பின்னேரமே வீட்டில் வாசித்துவிடுவார். ஒவ்வொரு வசனமும் மூலத்தில் இரண்டு தரம், மொழிபெயர்ப்பில் ஒரு தரம். அந்த மூன்றாந்தரம் மனைவியின் பங்காக இருந்ததாம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வெறுமையாய்க் கிடந்த கதிரையைக் காட்டினார்.

“இங்கிலீஷ் வாசிப்பாய்தானே? இரு.”

வாசித்து முடிந்தால் பாணும் மீனும் கிடைக்கும். சைவக்காரனுக்கு வெள்ளிக்கிழமையில் மீன், அதுவும் சீனி போட்டது! அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் அந்த மீன் ஒருபோதும் நீந்தியதில்லை.

பிறகு ஆபிரகாமின் வாரம் வந்தது. நாட்டை விடு, சொந்தங்களை விடு, தகப்பன் வீட்டை விடு என்று அவருக்குக் கட்டளை. எனக்கோ ஐந்து மாதமாக ஊரிலிருந்து கடிதமில்லை. ‘தகப்பன் வீடு’ என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

“தொண்டை காஞ்சு போச்சு அங்கிள்.”

அவர் குசினிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதே வசனத்தைத் திரும்பவும் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் காத்திருந்தார். யாரோ என் விலாசத்துக்கே எழுதிப் போட்டது போலிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். தொடர்கதைக்காரனுக்குப் பொறுமை ஏது? நூலகத்தில் முழுவதையும் எடுத்துக் கடைசிப் பக்கம்வரை விழுங்கிவிட்டு ஓடிவந்தேன்.

“அங்கிள், அவ்வளவு சனத்தையும் கூட்டிவந்த மோசே கரை சேரமாட்டார்! ஆத்துக்கு இங்காலேயே செத்துப்போறார்!”

“தெரியும். போன வருசமும் சேரேல்லை.”

“அப்ப நான் முடிச்சிட்டன். இனி எனக்கு வேலையில்லை.”

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் நோபல் பார்க் என்ற புறநகரில் நம்மூர்ப் பெடியள் இருவர் வீடு எடுத்திருந்தார்கள். வெள்ளிகளில் அங்கே சீட்டுக் கடதாசி விளையாட்டு. பெட்டியைக் கட்டினேன். அங்கே கறி இருந்தது, சிரிப்பு இருந்தது. என் குரல் நின்றால் காத்திருக்கத்தான் ஆளில்லை. அடுத்த வசந்தத்தில் வாரங்களை எண்ணிப் பார்த்து, ஆபிரகாம் வந்த வெள்ளியன்று அங்கிள் வீட்டுக்கு ரயிலேறினேன்.

இப்போது அந்த வீடு இல்லை. மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. வாசலில் பன்னிரண்டு தபால்பெட்டிகள், ஒன்றிலும் தெரிந்த பெயரில்லை. கையில் சூடான பாணோடு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அன்று தட்டிய கதவும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருந்தது. அங்கிள் பாதிதான் திறந்தார். உள்ளே மேசையில் புத்தகம் விரிந்திருந்தது. கதிரை சுவரோரம் தள்ளிக் கிடந்தது.

“மூன்றாந்தரம் வாசிக்க வந்தனான் அங்கிள்.”

“அதையும் நானே வாசிச்சுப் பழகிட்டன்.”