செட்டையில் ஒட்டிய ஈயம்

என் பட்டறை மேசையில் ஒரு வலை ஈயம் கிடக்கிறது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. வலையின் அடிக்கயிற்றில் கோர்ப்பதற்கு நடுவில் ஒரு துளை. எங்கள் கரையில் எந்த முற்றத்தைக் கூட்டினாலும் இப்படி நாலு அகப்படும். ஆனால் போனில் பேசும்போதும், வேலையாள் வராமல் எரிச்சலாக உட்கார்ந்திருக்கும் நாட்களிலும் என் விரல்கள் தாமாகப் போய் இதை உருட்டத் தொடங்கிவிடும். ஒரு பக்கத்தில் காய்ந்த பிசின் இன்னும் ஒட்டியிருக்கிறது. எதைக் கண்டாலும் தேய்க்கவும் சுரண்டவும் துடிக்கிற கை எனக்கு. இந்தப் பிசினை மட்டும் இத்தனை ஆண்டுகளாக விட்டுவைத்திருக்கிறேன்.

வட்டக்கோட்டைக்குப் போகிற சாலையிலிருந்து கடல்பக்கமாக இறங்கினால் என் பட்டறை. ஃபைபர் படகு செய்வது தொழில். கடல் ஏறி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகு கேட்டார்கள், மூச்சுவிட நேரமில்லை. அந்த நெரிசலுக்கு நடுவில்தான் என் தங்கை மாப்பிள்ளை விடுப்பில் வந்து, பட்டறையில் ஒரு மூலை வேண்டும் என்றார். ஊர் தக்கலைப் பக்கம். பேச்சில் பாதி மலையாள ராகம். வளைகுடாவில் விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டி, தானே ஓட்டப்போவதாகச் சொன்னார். அங்கே விடுமுறை நாட்களில் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தார். ஏதாவது ஆகிவிட்டால் தங்கைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, மூலையைக் கொடுத்தேன்.

அந்த விமானத்தில் எல்லாமே முன்பின்னாக இருந்தது. இயந்திரமும் விசிறியும் பின்னால். வாலில் இருக்க வேண்டிய சின்ன இறக்கை மூக்குக்குப் பக்கத்தில். அந்த முன் இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்து ஆடுகிற நீளப் பலகைகள் இரண்டு, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று. மூக்கு ஏறுவதும் இறங்குவதும் அவற்றின் கையில். மாப்பிள்ளை எலிவேட்டர் என்பார். என் ஆட்கள் மீனின் செட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் பட்டறையில் அதற்குச் செட்டை என்றே பேர் நிலைத்தது. மாப்பிள்ளை பின்னோக்கிப் பறக்கப்போகிறாரா என்று அவர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிற சுற்றுலாக்காரர்களும் அதையே கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

அதுவும் ஃபைபர், இதுவும் ஃபைபர், எனக்குத் தெரியாததா என்ற இறுமாப்போடுதான் நான் உதவப் போனேன். முதல் நாளே எங்கள் படகுப் பிசினை அவர் இறக்கைக்காக வெட்டிவைத்திருந்த நீலநிறத் தெர்மோகோல் மேல் ஊற்றினேன். அது வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி உள்வாங்கிக் கரைந்தது. அவர் கோபப்படாமல் தன்னுடைய எபாக்சி டப்பாவை எடுத்துவந்து, இதற்கு இதுதான், படகுப் பிசின் இதன் மேல் சரியாகப் பிடிக்கவும் செய்யாது என்றார். பிறகு முழு முன் இறக்கையையும் நானே துணி விரித்துப் பிசின் தேய்த்துச் செய்துகொடுத்தேன். படகுக்காரன் கை, தாராளமாகவே போட்டிருந்தேன். அவர் அதைத் தராசில் வைத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ரம்பத்தை எடுத்து என் ஆட்கள் ஐந்து பேர் பார்த்து நிற்க இரண்டாக அறுத்தார். கனம் கூடிப்போச்சு மச்சான் என்றார், அவ்வளவுதான். இருபது ஆண்டு படகு செய்தவனுக்கு அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? இரண்டு நாள் நான் அந்த மூலைப் பக்கமே போகவில்லை.

விடுப்புக்கு விடுப்பு வந்து வேலை செய்தார். நாலைந்து ஆண்டுகளில் அது விமானம் போலவே ஆகிவிட்டது. கடைசியில் செட்டைகளைச் சமன்பார்க்கிற நாள் வந்தது. வர்ணம் அடித்துக் காய்ந்த செட்டையை, பலகை தாங்குகிற இரண்டு மரக்குதிரைகளுக்கு நடுவே கீல் ஊசியில் தொங்கவிட்டார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சிறு கையில் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். முன்விளிம்பு சற்றே தாழ்ந்து, பின்விளிம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும். எவ்வளவு தாழலாம் என்பதற்கு வரைபடத்தில் அளவுண்டு. அந்த இடத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டுபவர் கையில் இருக்கிற கம்பிக்கு இரண்டு பக்கமும் சுருள்வில் போட்டு, இழுப்பதும் தள்ளுவதும் ஒரே பாரமாக இருக்கும்படி ஒரு வாரம் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அளவுகளைத் தன் நோட்டில் எழுதி, கீழே தன் கையெழுத்தாக ஒரு ஒப்பு போட்டார், என்னை ஒரு ஒப்பு போடச் சொன்னார். இனி இதன் மேல் ஒரு தூசிகூட விழக் கூடாது என்றார். தலையாட்டினேன்.

மறுவாரம் அவர் ஏதோ காகித வேலையாக நாகர்கோவில் போயிருந்தார். பகல் வெளிச்சத்தில் செட்டையின் பின்விளிம்பு ஓரமாக ஊசித்துளைகள் தெரிந்தன. ஃபைபர் வேலைக்காரன் ஊசித்துளையைக் கண்டுவிட்டுச் சோற்றில் கைவைக்க முடியாது. துளை என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் நாலு மாதத்தில் படகு ஊறிப்போகும். எங்கள் கரையில் பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதற்கு முன்னால் புதுப் படகுக்குத் துளை அடைத்து ஒரு பூச்சு அடிப்பது எழுதாத சட்டம். இது ஆகாயத்தில் போகிற சாமான் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை. துளை அடைக்கிற மாவைப் பிசினில் குழைத்து இரண்டு செட்டையிலும் அடைத்தேன், தேய்த்தேன், மேலே ஒரு பூச்சும் அடித்தேன். கண்ணாடிபோல மின்னியது. உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

நாலு நாள் கழித்து தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. இந்த விமானத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். செட்டையின் பின்பக்கம் கனத்துவிட்டால், வேகம் கூடும்போது அது தானாக உதறத் தொடங்கும். கண்ணைச் சிமிட்டும் முன்னே பிய்த்துக்கொண்டு போய்விடும். "ஒரு ஸ்பூன் பெயிண்டு கூடுனா மதி, அது போதும். அதாக்கும் நான் யாரையும் தொட விடல்ல" என்றார். அவள் என்னைப் பார்த்து, அண்ணன் கூட இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று சிரித்தாள். நான் எழுந்து கைகழுவப் போனேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை யோசித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறேன். சொல்லவில்லை. ரம்பம் கண்முன்னால் வந்தது, என் ஆட்கள் ஐந்து பேரின் முகமும் வந்தது. பத்து நாளில் லாரி ஏற்றி, வெளிமாவட்டத்தில் ஒரு பழைய தனியார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அனுமதிக் காகிதம் வந்துவிட்டது. அவருடைய விடுப்பும் முடியப்போகிறது. அந்த நாட்களில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடற்கரைக்குப் போவேன், பாதி வழியில் திரும்புவேன். ஆட்களிடம் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தேன். ஒரு மத்தியானம், அவர் இல்லாத நேரம் பார்த்து, செட்டைகளைக் கழற்றித் தொங்கவிட்டேன். இரண்டும் மெதுவாக, வெட்கப்படுவதுபோல, பின்பக்கம் தாழ்ந்தன. வலை ஈயம் இரண்டை எடுத்து, செட்டைக்கு ஒன்றாக முன்கையில் வைத்துச் சமன் வந்த இடத்தில் ஒட்டினேன். எபாக்சி டப்பா அவர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஒட்டியது எங்கள் படகுப் பிசினால். அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், காய்ந்துவிட்டால் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லாரி வந்து நின்ற காலையில் மந்திரிப்பு. படகுக்கு வருவதுபோலவே பங்குத்தந்தை வந்தார். தங்கை நல்ல சேலை கட்டி, எல்லோருக்குமாக சோறும் குழம்பும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். ஜெபம் தொடங்கியது. நான் முன் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றேன். கை சும்மா இருக்கவில்லை. செட்டையின் அடியில் போய், கட்டைவிரலால் ஈயத்தை லேசாக ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். அது பேசாமல் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. பொத்திக்கொண்டேன். பையில் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. தந்தை தீர்த்தம் தெளித்துக்கொண்டே பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தார். கைக்குள் அந்த ஈயம் வியர்வையில் நனைந்தது. அவர் முன் இறக்கைக்கு வந்து கையை உயர்த்தியபோது, "நிறுத்துங்க சாமி" என்றேன். கையை விரித்து மாப்பிள்ளையிடம் காட்டினேன்.

"இதுல நான் கை வச்சிட்டேன் மாப்ள. துளை அடச்சு பெயிண்டும் அடிச்சேன். பொறவு இத வச்சி ஒட்டுனேன்."

அவர் ஈயத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். ரெண்டும் என்றேன். கருவிப் பெட்டியை எடுத்துவந்து, எல்லோரும் நிற்க, இரண்டையும் கழற்றினார். மற்ற ஈயம் அவர் தொட்டதுமே உதிர்ந்தது. மரக்குதிரையில் தொங்கவிட்டதும் பின்விளிம்பு அப்படியே கீழே போனது. தந்தை தீர்த்தச் செம்போடு அதைக் குனிந்து பார்த்துவிட்டு, தோளிலிருந்த பட்டையைக் கழற்றி மடித்தார். மாப்பிள்ளை லாரிக்காரரிடம் போய் இன்றைக்கு இல்லை என்றார். தங்கை எல்லோருக்கும் சோறு விளம்பினாள். தந்தைக்கு, லாரிக்காரருக்கு, என் ஆட்கள் ஐந்து பேருக்கும். எனக்கு மட்டும் தட்டு வைக்கவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. அடுத்த வாரம் அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிப் போய்விட்டார்.

ஒன்றரை ஆண்டு அது மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். தங்கை திருநாளுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. மாப்பிள்ளை போனில் பேசுவார், தார்ப்பாய் கிழிந்திருக்கிறதா, எலி தொல்லை உண்டா என்று கேட்பார், ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் நானும் திருப்பி இரண்டு சொல்லி ஆறியிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவர் தரவில்லை.

அடுத்த விடுப்பில் வந்து செட்டைகளைச் சுரண்டி, புதிதாக மெல்லிய வர்ணம் அடித்தார். சமன்பார்க்கிற நாளில் என்னைக் கூப்பிட்டார். மரக்குதிரை, ஈயம், அளவுத்தகடு, நோட்டு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, "நீங்க பாத்து முடிச்சிட்டு ஒப்பு போடுங்க மச்சான். நான் வெளிய நிக்கேன்" என்றார். உங்கள் ஒப்பு என்று கேட்டேன். "உங்க ஒப்பு மதி" என்றார். வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றார். அன்று ஒரு செட்டையை ஒன்பது தடவை தொங்கவிட்டேன். மூச்சு பட்டாலும் அது ஆடும், அது ஆடினால் மறுபடி முதலிலிருந்து. வெயில் சாய்ந்தபோது ஒப்பு போட்டேன். அதன் பின்விளிம்பில் ஒரு ஊசித்துளை இருந்தது. பார்த்தேன், விட்டுவிட்டேன்.

ஓடுதளத்தில் அன்று காற்றே இல்லை. தங்கை வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அது ஓடி, மூக்கைத் தூக்கி, தரையை விட்டது. என்னால் நிற்க முடியவில்லை. கருவேலம் புதர் ஓரமாக மேலும் கீழும் நடந்தேன், செருப்பில் முள் ஏறியதும் தெரியவில்லை. மேலே சத்தம் கொஞ்சம் மாறினாலும் நின்று காது கொடுத்தேன். நாலு வட்டம் போட்டு இறங்கினார். தங்கை வேனிலிருந்து இறங்கி, நேரே அவரிடம் போகாமல், என் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கண்ணாடி மூடியைத் திறந்து, தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டாவது வட்டத்துல கம்பியிலேருந்து கைய எடுத்துட்டேன் மச்சான். அது பாட்டுக்கு நேரா போச்சு."

அவர்கள் இப்போது வெளிநாட்டில் குடியிருக்கிறார்கள். விமானம் அந்த ஓடுதளத்துக் கொட்டகையில் நிற்கிறது. ஊருக்கு வந்தால் ஒரு நாள் போய் ஓட்டுவார். வா என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார், நான் போவதில்லை. என்னால் அதைத் தரையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பட்டறையில் புதுப் படகுக்கு ஆட்கள் இன்னொரு பூச்சு கேட்டால், எதற்கு என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. போன் அடிக்கிறது, தங்கைதான், மறுபடி புறப்பட்டு வருகிறார்களாம். பேசிக்கொண்டே வலை ஈயத்தை உருட்டுகிறேன். அந்தப் பிசின் கட்டைவிரலில் தட்டுகிறது. அவர் ஆகாயத்தில் கையை எடுத்துவிட்டார். எனக்கு இன்னும் எடுக்க வரவில்லை.