கம்பியைப் பிடித்திருந்த கை

வலது கை விரல்களில் வெண்புள்ளி வந்த பிறகு, எனக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் பெங்களூரில் மிகக் குறைவு. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தயிரை நிறுத்தச் சொன்னார். ஆபீசில் ஒருத்தி செம்புச் சொம்பில் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளில்லை நான். எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, தோல் டாக்டர் கொடுத்த களிம்பை மட்டும் பூசிக்கொண்டிருந்தேன்.

நாத்தனாரிடம் அது பலிக்கவில்லை. கார்போக அரிசி சேர்த்த மூலிகை மாத்திரை ஒரு டப்பா, வைட்டமின் மாத்திரை ஒரு டப்பா என்று வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தாள். அவளே அதற்கு ஏஜென்ட்.

"அண்ணி, மீனு, புளி, எலுமிச்ச எதுவும் தொடாதீங்க. இங்கிலீஷ் மருந்தயும் நிறுத்திடுங்க," என்றாள். டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்று என் கையைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். எந்த டாக்டர் என்று கேட்டால் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று எங்கும் போடவில்லை. வீட்டில் சண்டை வேண்டாமென்று கொஞ்ச நாள் விழுங்கினேன். வயிறு கெட்டதுதான் மிச்சம். என் டாக்டர் திட்டி நிறுத்தச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. நான் கம்பியைப் பிடித்தால் பக்கத்துக் கை கொஞ்சம் தள்ளிப்போவது வழக்கம். அன்று சீட்டில் இருந்த ஒரு பெண் என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ இன்னொரு வைத்தியர் என்று எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா, இது உங்க கைதானே?" என்று போனை நீட்டினார்.

என் கைதான். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல் பொய் சொல்லுமா? இடப்பக்கம் 'முன்பு', வெள்ளை விரல்கள். வலப்பக்கம் 'பின்பு', ஒரு புள்ளிகூட இல்லாத மாநிறக் கை. அவசரத்தில் நகங்களுக்கும் அதே நிறத்தை அடித்திருந்தார்கள். கீழே நாத்தனாரின் நம்பர்.

"என் பொண்ணுக்குக் கண்ணோரம் இருக்குதுக்கா. டாக்டர் மருந்துல கொறஞ்சிட்டுதான் வந்துச்சு. இந்தப் போட்டோவ பாத்துதான் அத நிறுத்திட்டு இத குடுக்குறேன்."

கையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "எனக்குச் சரியாகலம்மா. கலர் அடிச்ச போட்டோ இது. நகத்தப் பாருங்க. பொண்ண மொதல்ல டாக்டர்கிட்டயே திரும்பக் கூட்டிட்டுப் போங்க."

அவர் போட்டோவைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு நான் நாத்தனாரின் மாத்திரை டப்பாவைப் பார்த்தேனே, அதே பார்வையை என் முகத்தின் மேல் வைத்தார்.

"நடுவுல மீன் கீன் சாப்ட்டிருப்பீங்க," என்றார்.