தொண்ணூறு சென்டிமீட்டர் கம்பி

டீலர் அண்ணாச்சி, நீங்கள் திரேஸ்புரம் படகுகளுக்கு விற்றது கடலுக்கான ஆன்டெனா இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

படகுகளில் ரேடியோ மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களாவது ஏமாறக் கூடாது என்று எழுதுகிறேன்.

விற்பனையின்போது நானும் கரையில் நின்றேன். பக்கத்துப் பக்கத்தில் கட்டிக்கிடந்த இரண்டு படகுகளில் ரேடியோ செட்டையும் இந்தக் கம்பியையும் மாட்டி டீலர் பேசிக் காட்டினார். சத்தம் தெளிவாக வந்தது. அந்தத் தூரத்துக்குக் குடைக்கம்பியைச் சொருகினாலும் வரும்.

"எந்த ஃப்ரீக்வென்சிக்கு வெட்டின கம்பி, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஆகும்ல. நீளத்தப் பாரு! மத்தவன் கம்பியவிட ரெண்டு மடங்கு."

எங்கள் ஆட்கள் விழுந்தது அங்கேதான். கயிறு நீண்டால் ஆழம் எட்டும், வலை நீண்டால் மீன் கூடும். கம்பியும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். அவர்களில் ஒருவனான சேவியர் அதைத் தன் படகில் மாட்டி, நுனியில் சிவப்புத் துணி வேறு கட்டினான்.

கரை மறைந்த தூரத்தில் அவன் எஞ்சின் நின்றது. ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல் பதினாறில் தொண்டை வற்றக் கூப்பிட்டான். ஒருவருக்கும் கேட்கவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் கம்பியைக் கழற்றி ஆட்டினான். சிவப்புத் துணியைப் பார்த்து இன்னொரு படகு வந்தது. அந்தக் கம்பி செய்த ஒரே உபகாரம் அது.

"செட்டுக்குள்ள உப்புத்தண்ணி போயிருக்கும்" என்றார் டீலர். திறந்து பார்த்தேன். உள்ளே ஈரமே இல்லை.

கணக்கு இதுதான். சேனல் பதினாறு 156.8 மெகாஹெர்ட்ஸ். முந்நூறை அதால் வகுத்தால் ஒரு அலை 1.91 மீட்டர். ஆன்டெனா அதில் கால்வாசி நீளம் இருக்க வேண்டும்: 48 சென்டிமீட்டர். கம்பியில் அலை கொஞ்சம் குறுகும்; அதற்காக ஐந்து சதவீதம் கழித்தால் நாற்பத்தைந்தரை. சேவியரின் கம்பி தொண்ணூறு. அது 79 மெகாஹெர்ட்ஸுக்கான அளவு. தரையில் ஓடும் ஏதோ வண்டியின் ரேடியோவுக்கு வெட்டியது. SWR மீட்டரை வைத்தேன். முள் கடைசியில் போய் முட்டியது. செட் அனுப்பும் பவரில் பெரும்பகுதி வெளியே போகாமல் திரும்பிவருகிறது என்று அர்த்தம்.

ரம்பத்தை எடுத்தேன்.

"யண்ணே, பாதியா வெட்டுதியளே!" என்றான் சேவியர்.

"மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போ. ஒட்டட அடிக்க ஆகும்."

வெட்டியதும் முள் இறங்கியது. மறுபடி கடலுக்குப் போனவன், கரை தெரியாத இடத்திலிருந்து கூப்பிட்டான்: "கேக்காண்ணே?" நன்றாகக் கேட்டது.

ஸ்டாக் மாறி வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மற்றப் படகுகளிலும் பார்த்தேன். எல்லாம் தொண்ணூறு. எல்லாவற்றின் அடியிலும் ஃப்ரீக்வென்சி ஸ்டிக்கர் சுரண்டியிருந்தது. தெரியாமல் விற்கிறவர் எதற்குச் சுரண்டுகிறார்?

இப்போது, "கம்பிய வெட்டுனா வாரண்டி கெடையாது" என்று டீலர் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் யாரும் வெட்டச் சம்மதிப்பதில்லை. அதே கம்பியோடு கடலுக்குப் போகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களே, மாட்டும் முன் டேப் பிடித்து அளந்து பாருங்கள். கரையில் வைத்துப் பேசிக் காட்டுவதை டெஸ்ட் என்று நம்பாதீர்கள்.

டீலர் அண்ணாச்சி, மீன் ஏலக்கூடத்துக்கு வாருங்கள். படகுக்காரர்கள் எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஸ்டிக்கரில் என்ன எண் இருந்தது? அதைச் சுரண்டியது யார்?