கதவுக்குப் பின்னால் ஏழு டின் மண்ணெண்ணெய்

நான் நாலாம் வகுப்புவரைதான் படித்தவள். இந்த வயதில்தான் முதல் தடவையாகப் பத்திரிகைக்கு எழுதுகிறேன், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் நாடுகளில் சண்டை வந்து, சிங்கப்பூரில் அரிசியிலிருந்து பஸ் கட்டணம்வரை எல்லாம் ஏறிய சமயம். மண்ணெண்ணெய் இனிமேல் கிடைக்காது என்று தேக்கா மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். பயந்துபோய் ஏழு டின் வாங்கினேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் வேறு இடமில்லாததால் வாசல் கதவுக்குப் பின்னால் அடுக்கினேன்.

"பெட்ரோல் கடை வைக்கப் போறியா? வீட்டுக்குள்ள ஒருக்களிச்சுத்தான் வர முடியுது" என்று கேலி செய்தார் என் கணவர்.

"இருக்கட்டுங்க, நாளைக்கு விலை இன்னும் ஏறும் லா" என்றேன்.

அது சீனர்கள் இறந்தவர்களுக்குப் படையல் போடும் ஏழாம் மாதம். ஒரு மாலை, கணவர் செம்பவாங்கில் வேலையில் இருந்தார். நான் மட்டும் வீட்டில். வாடை வந்து பார்த்தால், அடி டின் ஒழுகி எண்ணெய் கதவுக்கு அடியில் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மேல் டின்கள் சரிந்து அடைத்ததில் கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஜன்னலிலோ கம்பி. இடுக்கு வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, முன்னோருக்குக் காகிதம் எரிக்கத் தகர டப்பாவை இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில் வைத்துத் தீக்குச்சியை எடுத்தார்.

கூச்சத்தால் அவரிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று எப்படியோ, "ஜாங்ஙான் பாக்கார்! மிஞ்ஞாக்!" என்று மலாயில் கத்திவிட்டேன். எரிக்காதீர்கள், எண்ணெய் என்று அர்த்தம். குனிந்து பார்த்தவர் தீப்பெட்டியைத் தன் வீட்டுக்குள் எறிந்துவிட்டு, பழந்துணிகளோடு ஓடிவந்தார்.

இப்போதெல்லாம் விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு டின்தான் வாங்குகிறேன். கதவுக்குப் பின்னால் செருப்பைக்கூட விடுவதில்லை.