மாற்றல் வரும்வரை ஒத்திவைத்த மறுமொழி

இவ்வரலாற்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்றே பல்லாண்டுகள் இருந்துவிட்டேன். எழுதியாக வேண்டும் என்பதற்கு அத்தயக்கமே போதிய காரணமாகும். என் நண்பர் ஒருவர் இறைவனின் அழைப்புக்கு மறுமொழி தருவதைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார். அதற்கு முதலில் இசைவளித்தவன் நான். அவர் துணைவியாரும் மறைந்துவிட்ட நிலையில், என் பங்கை நானே சொல்லாவிடில் வேறெவரும் சொல்லப்போவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் வங்காளத் தலைநகரின் கார்டன் ரீச் பகுதியில் இரயில்வே அலுவலகத்தில் பணியாற்றினோம். ஒரே குடியிருப்பில் அவர் மேல்தளம், நான் கீழ்த்தளம். நெல்லைப் பக்கத்தவர், என்னினும் இரண்டாண்டு இளையவர். மாற்றலில் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்த ஊருக்கு அருகே மாற்றல் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, உத்தரவு வரும்வரை எதையும் நிலையாகத் தொடங்கமாட்டார்கள். கயிறு பிரிக்காத பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடக்கும். நல்ல நாற்காலி ஒன்று வாங்குவதும் ஊருக்குப் போன பிறகுதான்.

காலை வேளையில் ஆங்கில, வங்காள வழிபாடுகள் முடிந்தபின், ஞாயிறு மாலையில் அதே ஆலயத்தில் எங்கள் தமிழ் வழிபாடு நடைபெறும். நான் சபைச் செயலராக இருந்தேன். நண்பர் குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றவர். ஆயினும், திருவிருந்தில் பங்குபெறும் உரிமையைத் தரும் திடப்படுத்தலைப் பேராயர் கையால் பெறுமுன் வேலை தேடி வடக்கே வந்துவிட்டார். ஆகவே திருவிருந்து தொடங்கும்போது துணைவியார் பீடத்தை நோக்கிச் செல்வார். இவர் வெளியே சென்று தேநீர்க் கடையருகே நிற்பார்.

ஒரு மழைக்கால ஞாயிறன்று அவர் வெளியேறவில்லை. அருளுரை முடிந்தும் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். திரும்பும் பேருந்தில் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இன்னைக்கு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. இனிமே அந்த டீக்கடையில போய் நிக்க மனசு வரல. நாளைக்கே போதகரய்யாவப் பாத்துருவமா?"

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் பணியாளர் பிரிவில் இருபதாண்டு கோப்புகளை ஒத்திவைத்துப் பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "என்ன அவசரம் தம்பி? பேராயர் குளிர்காலத்துலதான வாராரு. அதுக்குள்ள உங்களுக்கு மாற்றல் வந்துரும். சொந்தச் சபையில, அம்மா கண்ணு முன்னால வச்சுக்கிட்டா எவ்வளவு நல்லாருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றார். அவர் முகம் தெளிந்தது. விடுவிக்கப்பட்ட ஒருவனின் முகம் அது என்பதை அன்று நான் உணரவில்லை.

குளிர்காலத்தில் பேராயர் வந்தார். நண்பர் பெயர் கொடுக்கவில்லை. மார்ச்சில் உத்தரவு வருமாம். மறு ஆண்டும் அதே விடை. அவர் துணைவியார் எங்களுக்குத் தேநீர் வைத்தவாறே ஒருநாள் சொன்னார்: "இவுகள பரலோகத்துக்கே கூப்பிட்டாலும் ஆர்டர் கையில கெடைச்சாத்தான் பெட்டி கட்டுவாக."

"அங்க போக ரயில்வே பேமிலி பாஸ் உண்டான்னு மொதல்ல கேட்டுச் சொல்லு" என்றார் இவர். மூவரும் சிரித்தோம்.

பின்னர் ஊரில் அவர் தாயார் காலமானார். புதிதாக வந்திருந்த போதகர், வீட்டிற்கே வந்து திடப்படுத்தலுக்கான பாடம் சொல்லித் தருவதாகக் கூறினார். நண்பர் பணிவுடன் மறுத்தார். என்னிடம் மட்டும், "அம்மா பாக்கணும்னுதான வச்சிருந்தேன். இனி யாருக்காக ஓடணும்?" என்றார். தாயாருக்காகவா அவர் அன்று அழைக்கப்பட்டார்? இவ்வினாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன். அதன்பின் அவர் அருளுரைக்கு முன்பே வெளியேறலானார். நாளடைவில் கிறிஸ்து பிறப்பு நாளன்று மட்டும் வந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பின் மாற்றல் உத்தரவு வந்தேவிட்டது. ஓய்வுபெற இரண்டாண்டே இருந்தமையால், இனி எதற்கு அலைச்சல் என்று அதனை வேண்டாமென எழுதிக்கொடுத்தார். "அப்ப அந்த விசயத்த இங்கயே முடிச்சிருவமே" என்றேன்.

"எந்த விசயம் அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் நடிக்கவில்லை, மெய்யாகவே மறந்திருந்தார். அன்று எனக்கு உண்டான அச்சம், பின்னர் அவர் நோயுற்றபோதுகூட உண்டாகவில்லை.

ஓய்வுக்கு முன்பே நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பாலிகஞ்ச் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு ஒரு நண்பகலில் போதகரை அழைத்துச் சென்றேன். "வெயில்ல ஐயாவ ஏன் அலைய வச்சீக?" என்று என்னைக் கடிந்தார். சற்று மூச்சு வாங்கிய பின் சொன்னார்: "எந்த விசயம்னு கேட்டேம்லா, பெறகு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு பஸ்ல என்கிட்ட இருந்தது இப்ப இல்ல அண்ணாச்சி. தேடிப் பாத்தாச்சு. இல்லாதத இருக்குன்னு ஐயாகிட்ட எப்படிச் சொல்ல?"

போதகர் அவர் கையைப் பற்றினார். "உணர்ச்சி இல்லாட்டியும் பரவாயில்ல. வேணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்குப் பாப்பம் ஐயா."

அன்று தவறாக வழிகாட்டியவன் நானே, மன்னியுங்கள் என்று அக்கணமே சொல்லியிருக்க வேண்டும். போதகர் எதிரில் சொல்ல நாணினேன். மறுநாள் தனியே வந்து சொல்லலாம் என்று எழுந்தேன். விடிந்தபோது அவருக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் துணைவியார் கேட்டார்: "நாளைக்குன்னுதான அண்ணாச்சி சொன்னாக, வேண்டாம்னு சொல்லலல்லா?" உடன் வந்த போதகர் பக்கம் திரும்பினேன். இறைவனின் இரக்கம் நம் அளவைக்கு உட்பட்டதன்று என்று போதகர் ஆறுதல் சொன்னார். நானும் அதனை நம்புகிறேன். எனினும், அழைப்பைக் கேட்ட செவி தானாகவே மெல்ல மெல்லக் கேளாமற் போவதைப் பன்னிரண்டு ஆண்டுகள் அருகிருந்து கண்டவன் நான்.

ஆண்டுகளின் வரிசையில் பிழை இருக்கலாம். சொற்களையும் முழுமையாக நினைவிற் கொண்டேன் என்று உறுதி கூறேன். அன்று அச்சபையில் இருந்தோர் திருத்தித் தருவாராக. குறிப்பாக, மருத்துவமனையில் நாங்கள் விடைபெற்ற பின் அன்று மாலையில் அவரைப் பார்த்தவர் எவரேனும் இருந்து, அவர் வாயிலிருந்து வேறொரு சொல்லைக் கேட்டிருந்தால், தயைகூர்ந்து எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் எழுதியது பிழையென்று அறிவதையே பெரிதும் விரும்புகிறேன்.