திரேசம்மாவும் தலைமன்னாரோடு நின்றுபோன கட்டளையும்

இம்மாதம் முதற் செவ்வாய்க்கிழமை காலை கொழும்பு புதுக்கடைக் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆள் வந்து, திரேசம்மா விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்று சொன்னார். இரண்டு வாரக் காய்ச்சல். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வழக்குகள் நடத்தும் எங்கள் புரொக்டர் ஐயாவின் கந்தோரில் அவர் தட்டெழுத்தாளர். நான் பெரிய கிளாக்கர். பதினைந்து வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். "கிளாக்கர் ஐயா, கோழி கிண்டின மாதிரி எழுதினா நான் என்னெண்டு அடிக்கிறது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் அவர் கணவரைப் பிரிந்தார். தூத்துக்குடிக்காரரான கணவர் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கினார். ஐந்து வயது மகள் ரோஸ்லின் தாயோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன் வந்து கூட்டிப்போய், பொழுதுபடக் கொண்டுவந்து விடுவார்.

ஒருநாள் திரேசம்மா என் மேசைக்கு முன் வந்து நின்றார். "அவர் பிள்ளையை ஊருக்குக் கொண்டு போகப் போறாராம். இண்டைக்கே கோர்ட்டில போடுங்கோ, ஐயா."

எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. குடும்ப வழக்கென்றால், மரியாதைக்கு முதலில் எதிராளிக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பதினான்கு நாள் தவணை கொடுப்போம். "முதல்ல கடிதம் போடுவம், தங்கச்சி. மானமுள்ள மனுசன், அடங்கிருவார்" என்றேன். நான் சொல்லச் சொல்ல, தம் கணவருக்கான கடிதத்தைத் தாமே அடித்தார். தகப்பனுக்குப் பிள்ளையைக் காட்டாவிட்டால் கோர்ட்டில் உங்களுக்குத்தான் பிழை வரும் என்று திரேசம்மாவுக்கு யோசனை சொன்னதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை கடிதம் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பிள்ளையைக் கூட்டிப்போனவர், அவளோடு தலைமன்னார் ரயிலேறி, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்குப் போய்விட்டார்.

வழக்குப் போட்டோம், வென்றோம். பிள்ளை தாயிடமே இருக்க வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார். அக்கரையிலும் இதே இங்கிலாந்து ராசாவின் ஆட்சிதான். ஆனாலும் அந்தக் கட்டளை அங்கே செல்லாதாம். புதிதாக வழக்காட வேண்டுமாம். திரேசம்மா ஒருமுறை தூத்துக்குடிக்குப் போனார். அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாமல் திரும்பினார். பிறகு யுத்தம் வந்தது. மகளுக்கு எழுதிய ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை.

என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரேயொரு தரம், "ரோஸ்லினுக்கு இப்ப தாவணி போடுற வயசு, என்ன ஐயா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடக்கத்தன்று, தாய் காலமானார் என்று ரோஸ்லினின் பெயருக்கு நானே தந்தி அடித்தேன். கடிதங்களைத் தகப்பன் மறித்திருப்பார்; இது தந்தியென்றபடியால் அவள் கையில் கிடைத்திருக்கிறது. நேற்று அவளிடமிருந்து கடிதம் வந்தது.

"ஐயா, தங்களை யாரென்று தெரியவில்லை. ஆள் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அம்மா கொழும்பில் இறந்துவிட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த அம்மாளுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன்."

அம்மா இத்தனை காலம் உயிரோடுதான் இருந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு எழுதுவதா, விடுவதா? எனக்குத் தெரியவில்லை. மேசையில் காகிதம் வெறுமையாகக் கிடக்கிறது.

திரேசம்மா, சென்று வாருங்கள். உங்கள் மகள் உங்களுக்காகச் செபிக்கிறாள். யாருக்கென்றுதான் அவளுக்குத் தெரியாது.